ஏரிக்குள்ளே ஒரு பாம்பு!

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

நார்வே என்றதும் பனி, மீன், நள்ளிரவுச் சூரியன், நோபல் சமாதானப் பரிசு, இவ்வளவுதான் நமக்கு ஞாபகம் வரும். அந்நாட்டின் தெற்கே தெலமார்க் என்ற மலைநாட்டில் செல்யூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. எழுதும்போது கடைசியில் ஒரு 'ட்' போடுவார்கள். பேசும்போது அதை விழுங்கி விடுவார்கள். அதனால் கேட்பதற்கு நம்ம பக்கத்து ஊர்ப் பெயர் மாதிரியே இருக்கும்! ஜனத்தொகை சுமார் 3,000. தலைநகர் ஓஸ்லோவிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் போல ஆகும். சுற்றிலும் மலை, ஊசியிலைக் காடு. நடுவே நூறு மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள நீண்ட ஏரி.

அந்த ஏரியில்தான் 'செல்மா' இருக்கிறதாம். செல்மா என்பது ஒரு பெரிய நீர்ப்பாம்பு. 1750-இல் படகில் போன ஒருவரை அது தாக்கியதாக ஒரு செய்தி உண்டு. அன்று முதல் இன்று வரை "நான் பார்த்தேன்" என்று சொல்பவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஊராட்சியின் சின்னத்திலேயே சிவப்பு நிறத்தில் தங்கப் பாம்பு நெளிகிறது. பாம்பைத் தேடுவதற்கென்றே கரையில் மரத்தால் ஒரு பார்வைக் கோபுரம்கூடக் கட்டி வைத்திருக்கிறார்கள்!

பார்த்தது என்ன?

பாம்பு ஒன்று இதுவரை பிடிபடவில்லை. அப்படியானால் பார்த்தவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்களா? அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. நாம் படித்த பௌதிகமே பதில் சொல்கிறது. காற்றில்லாத நாளில் ஒரு படகு போனால், படகு மறைந்த பிறகும் அதன் அலை சில நிமிடம் நிற்கும். செங்குத்தான கரையில் மோதித் திரும்பும் அலை, எதிரே வரும் அலையோடு சேர்ந்தால் வரிசையாகத் திமில் திமிலாகத் தெரியும்.

வசந்த காலத்தில் இன்னொரு வேடிக்கை. வெயில் வந்துவிடும், ஆனால் தண்ணீர் இன்னும் ஐஸ் மாதிரி இருக்கும். தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து அடர்த்தி கூடும். மேலே உள்ள காற்று சூடாக இருக்கும். ஒளிக்கதிர் அடர்த்தியான பக்கம் வளையும். உடனே தூரத்தில் மிதக்கும் ஒரு மரக்கட்டை நீண்டு உயர்ந்து, தலையைத் தூக்கிய பிராணி போலத் தெரியும். கானல் நீரின் தலைகீழ்த் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நீந்திப்போகும் நீர்நாயும் காட்டு மானும்கூட ஏமாற்றலாம்.

எழுதி வைத்தவர்கள்

பாம்புக் கதையை விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. 1840-களில் இவ்வூரில் பாதிரியாராக இருந்தவர் லான்ஸ்டாட். குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த கதைப்பாடல்களைக் கேட்டு எழுதி, 1853-இல் 'நார்வே நாட்டுப்பாடல்கள்' என்ற பெயரில் புத்தகமாக்கினார். அவருக்கும் முன்பே இந்த வட்டாரத்தில் பாட்டுச் சேகரிக்க ஆரம்பித்தவர் ஒலேயா க்ரோகெர் (1801–1855) என்ற பெண்மணி. தான் சேர்த்ததை அவர் லான்ஸ்டாடிடம் கொடுத்துவிட்டார். புத்தக அட்டையில் லான்ஸ்டாட் பெயர்தான். பாடியவர்களோ பெரும்பாலும் ஏழைகள். எழுத்தில் இல்லாதது அத்தனையும் அவர்கள் நெஞ்சில் இருந்தது. அந்தத் தலைமுறை எழுதப்படாமல் போயிருந்தால் பாட்டும் அவர்களோடேயே மண்ணுக்குள் போயிருக்கும்.

போகிறவர்களுக்கு

கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். செப்டம்பரில் 'தீர்ஸ்கூன்' என்ற மாட்டுச் சந்தை, 1866-இல் ஆரம்பித்தது. மூன்று நாளில் ஊர் ஜனத்தொகையைப் போலப் பல மடங்கு கூட்டம் வரும். 1957-ஆம் வருடச் சட்டப்படி யாருடைய காட்டிலும் யாரும் நடக்கலாம்; வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்டிக் கூடாரமும் அடிக்கலாம். ஆனால் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டில் நெருப்பு மூட்டக் கூடாது. உரிமையும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது, பாருங்கள்!

எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். படிச்சவன் பழங்கதையைக் கேட்டால் சிரிக்கணும் என்று சிலர் நினைக்கிறார்கள். செல்யூர்க்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. பாம்பு இல்லை என்று தெரிந்தவர்களும் கோபுரத்தில் ஏறுகிறார்கள். ஒளி வளைவதைப் படிப்பதும் தேவை. கதை சொன்னவர் பெயரை எழுதி வைப்பதும் தேவை. எழுத்து தெரிந்தவனுக்கு இரண்டு வேலையும் உண்டு. தோழர்களே, உங்கள் நோட்டில் கடைசிப் பக்கம் காலியாகத்தானே இருக்கிறது?