ஆர்க்கிட் தொட்டியில் அழையா விருந்தாளிகள்

துளசி மாடமும் மல்லிகைப் பந்தலுமாக இருந்த முற்றம், பட்டண வாசத்தில் சுருங்கிச் சுருங்கி, மாடி முகப்பில் நாலு தொட்டிகளாக வந்து நின்றுவிட்டது. அந்த நாலில் ஒன்றாவது ஆர்க்கிட் செடியாக இருக்க வேண்டும் என்ற ஆசை இப்போது பல இல்லங்களில் காணப்படுகிறது. ஆசைப்படத் தக்க செடிதான். பூத்தால் வாரக்கணக்கில் வாடாது. ஆனால் விதை முளைத்து முதற் பூவைக் காண்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். இத்தனை அருமையான செடியின் தொட்டியில் ஏதோ ஒன்று ஊர்ந்து செல்வதைக் கண்டால் வீடே அமளிப்படுகிறது. பாட்டி உப்பு ஜாடியை எடுக்கிறாள். பிள்ளையாண்டான் கரப்பான் மருந்தைத் தேடி ஓடுகிறான். இருவரையும் சற்றே நிறுத்தி வைக்கும்படி நேயர்களைக் கேட்டுக் கொள்கிறோம். கொல்வதற்கு முன் ஊர்வது யார் என்று அறிந்து கொள்வதே முதற் காரியம்.

வீடுகளில் வளர்க்கப்படும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மரத்தின் மேல் வாழும் இனங்கள். புல்லுருவியைப் போல் மரத்தின் சாற்றை உறிஞ்சுவன அல்ல. இருக்க இடம் மட்டும் கேட்பவை. அவற்றின் வேர்களை வெண்மையான பஞ்சு போன்ற உறை போர்த்தியிருக்கும். மழை நீரை அவ்வுறை சட்டென்று ஏந்திக் கொள்ளும். பின்பு காற்றில் உலரும். ஆகவேதான் இச்செடியை மண்ணில் வைக்காமல் கரித்துண்டு, ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டை ஆகியவற்றில் வைக்கிறார்கள். நாளடைவில் மட்டை மக்கிப் பொடியாகிறது. காற்றோட்டம் அடைபட்டு, ஈரம் தங்குகிறது. அழையா விருந்தாளிகளுக்கு அதுவே அழைப்பிதழ்!

மரவட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் அழுகிய மட்டையையும் மக்கிய வேரையும் தின்று பிழைக்கும் சாதுப் பிராணி அது. நீர் ஊற்றும்போது வெண்பொடி போலத் துள்ளும் சிறு பூச்சிகளும் அவ்வாறே. பூரான் மற்றப் பூச்சிகளை வேட்டையாடுவது. செடிக்குத் தீங்கு செய்யாது. ஆயினும் கடிக்குமாதலால் குழந்தைகள் தொட்டியைத் துழாவக் கூடாது. இவை கூட்டமாகத் தோன்றினால், தொட்டிக்குள் ஏதோ மக்கிக் கொண்டிருக்கிறது என்று அறியலாம். செய்தி கொண்டு வந்தவனைக் கொன்றுவிட்டால் செய்தி பொய்யாகிவிடுமா?

உண்மையான பகைவன் நத்தை. ஓடுள்ளதும் ஓடற்றதுமான இரு வகையும் பகலில் தொட்டியின் அடியில் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து, பசுமையான வேர் நுனியையும் பூமொட்டையும் கடித்துவிடுகின்றன. நுனி போன வேர் அதன் பிறகு நேராக நீளாது. கடுகளவே உள்ள சிறு நத்தைகள் மட்டைக்குள்ளேயே குடும்பம் நடத்துவதால் கண்ணுக்கும் தப்பிவிடுகின்றன. பெரிய ஆப்பிரிக்க நத்தையோ, 1847-ஆம் ஆண்டில் பென்ஸன் என்னும் ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டு வந்ததிலிருந்து பெருகி, இன்று நாட்டின் பல பகுதிகளிலும் தொல்லை தருகிறது. மூளைச் சவ்வைத் தாக்கக் கூடிய ஒரு புழுவின் கரு நத்தைகளிடம் இருக்கலாம். ஆதலால் அவற்றை வெறுங்கையால் எடுக்கலாகாது.

இரவு எட்டு மணிக்கு மேல் கைவிளக்குடன் தொட்டிகளைச் சோதிக்க வேண்டும். வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றைத் தொட்டியின் மேல் வைத்தால், நத்தைகள் அதனடியில் வந்து கூடும். விடியற்காலையில் துண்டோடு அகற்றிவிடலாம். தொட்டியை விளிம்பு வரை நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் எறும்பும் மரவட்டையும் மேலேறி வரும். காலை வேளையில், குருத்தில் நீர் தேங்காமல் இதைச் செய்ய வேண்டும். ஒரு தொட்டியின் நீரில் மற்றொன்றை அமிழ்த்தினால் நோயும் கூடவே பரவும்.

எறும்பு தானாகச் செடியைத் தின்பதில்லை. ஆனால் அது மாடு மேய்க்கும் இடையனைப் போன்றது. மாவுப் பூச்சியும் செதிள் பூச்சியும் செடியின் சாற்றை உறிஞ்சி இனிய நீரைக் கசியவிடும். அதைப் பருகுவதற்காக எறும்பு அவற்றைப் பகைவரிடமிருந்து காக்கிறது. எனவே எறும்புச் சாரி இலையில் ஏறினால் இலையடுக்கின் இடுக்கைப் பார்க்க வேண்டும். அங்கே வெண்பஞ்சோ பழுப்புச் செதிளோ இருந்தால், மருந்துக் கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால், இளங்குருத்தில் படாமல் துடைக்கலாம். வாரம் ஒரு முறையாக நான்கு வாரம் செய்தால்தான் முட்டையிலிருந்து பின்னர் வருபவையும் ஒழியும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்பு நீரும் கலந்து மாலையில் தெளிப்பதும் நலம். உணவு அலமாரியின் கால்களுக்கு நம் பெரியோர் நீர்க் கிண்ணம் வைத்தார்களே, அதே உபாயம் தொட்டிப் பலகைக்கும் பொருந்தும். கிண்ணத்து நீரை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டும். இல்லையேல் கொசு குடியேறும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாவுப் பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டு 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டது. அதன் புழுவும் வெண்மெழுகு போர்த்து, மாவுப் பூச்சியைப் போலவே தோன்றும். ஆனால் அதைவிடப் பெரிது, சுறுசுறுப்பாக நடமாடும். ஆராயாமல் துடைப்பவர் பகைவனோடு நண்பனையும் ஒழித்தவராவார்.

பாட்டியின் உப்பு நத்தையைக் கொல்லும். கூடவே வேரையும் கருக்கும். கரப்பான் மருந்திலுள்ள எண்ணெய் இலையைச் சுட்டுவிடும். மெட்டால்டிஹைடு கலந்த நத்தை மருந்து நாயின் உயிரையே வாங்க வல்லது. தவழும் குழந்தைக்கும் ஆபத்து. மருந்து இன்றியமையாததானால் இரும்பு பாஸ்பேட் உள்ளது மேல். அதையும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஒரு பூவுக்காக இல்லத்தில் நஞ்சைச் சிதற விடுவது எந்தக் கணக்கிலும் லாபமாகாது.

நிலையான பரிகாரம் ஒன்றே. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, புதுவேர் துளிர்க்கும் சமயத்தில், மக்கிய மட்டையை உதறி, அழுகிய வேரை நறுக்கி, கழுவிய கரியிலும் ஓட்டுச் சில்லிலும் செடியை வைக்க வேண்டும். தொட்டியைத் தரையில் வைக்காமல் உயர்த்தியோ தொங்கவிட்டோ வளர்க்க வேண்டும். புதிதாக வாங்கிய செடியை ஒரு மாதம் தனியே வைத்துக் கவனித்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். மரக்கிளையில் அதற்குக் கிடைத்த காற்றைத் தொட்டியிலும் கொடுத்தால், ஊர்வனவற்றுக்கு அங்கே வேலை இராது. பாட்டியின் உப்பும் சமையலறையிலேயே இருக்கும்.