பழைய காருக்குக் காற்றுப் பை: விலை சொல்லும் முன் பாரத்தைப் பாருங்கள்

உதிரிப்பாகத் தொழிலிலும் கராஜ் தொழிலிலும் இருக்கும் நம்மவர்களுக்கு அண்மைக் காலமாகப் புதியதொரு கேள்வி வந்து கொண்டிருக்கிறது. "பழைய காருக்கு எயார் சஸ்பென்ஷன் போடலாமா? செட் இருக்கிறதா?" என்பதே அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் கொட்டிலில் கிடந்த பழைய கார்களைப் பலர் திருத்தி வீதிக்குக் கொண்டு வந்தார்கள். திருத்தியவர்கள் இப்போது அழகு பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஆசை இருக்கும் இடத்தில் வியாபாரமும் இருக்கும். ஆனால் இந்த வியாபாரத்தில் நாம் விற்கும் பொருளின் மேல் ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்து பயணம் போகிறது என்பதை மறந்து விடக் கூடாது.

இது புதிய சரக்கு அல்ல

எயார் சஸ்பென்ஷன் இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் 1957ஆம் ஆண்டின் கெடிலாக் எல்டொராடோ புரோம் கார் கம்பனியிலிருந்தே காற்றுப் பைகளுடன் வந்தது. அடுத்த வருடம் ஜெனரல் மோட்டர்ஸ் தனது மற்றக் கார்களுக்கும் இதை மேலதிக விலைக்குக் கொடுத்தது. காற்றுக் கசிவினால் தொல்லைப்பட்ட பலர், பைகளைக் கழற்றி வீசிவிட்டு இரும்பு ஸ்பிரிங்கைப் போட்டுக் கொண்டார்கள். 1961இல் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.ஈ. காற்றுப் பையுடன் வந்தது. கம்பனியே திட்டமிட்டுச் செய்த கார்களுக்கே கசிவுதான் பெரிய எதிரியாக இருந்தது என்றால், பின்னர் நாமாகப் பொருத்தும் காருக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முழு செட் என்றால் நான்கு காற்றுப் பைகள், 12 வோல்ட் கொம்பிரசர், காற்றுத் தாங்கி, மின்சார வால்வுகள், குழாய்கள், அமுக்கமானி என்பன அடங்கும். காற்றைக் கூட்டினால் கார் உயரும், விட்டால் தாழும். கண்ணுக்கு இலகுவாகத் தெரியும். சங்கதி இருப்பது காருக்கு அடியில்தான்.

மொரிஸ் மைனர் சொல்லும் பாடம்

சென்ற வருடம் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். தகப்பனார் வைத்திருந்த மொரிஸ் மைனருக்கு முழு செட் வேண்டுமென்றார். "நானா, விலையைப் பற்றி யோசிக்க வேண்டாம், நான்கு பக்கமும் ஏறி இறங்க வேண்டும்" என்றார். அப்படியே பில் போட்டிருந்தால் எனக்கு நல்ல இலாபம். ஆனால் நான் முதலில் காரைக் கொண்டு வரச் சொன்னேன்.

1948 முதல் 1971 வரை உற்பத்தியான இந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளமான டோர்ஷன் பார் என்ற இரும்புத் தண்டுதான் முறுக்கிக் கொண்டு பாரத்தைத் தாங்குகிறது. அதன் பின் நுனி, முன் ஆசனங்களுக்குக் கீழே குறுக்காகப் போகும் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். அதாவது முன்பக்கப் பாரம் அந்தச் சட்டத்துக்குத்தான் போகிறது. தண்டைக் கழற்றிவிட்டுக் காற்றுப் பையை வைத்தால், அந்தப் பாரம் முழுவதும் பையின் மேல் நுனி முட்டும் இடத்துக்கு மாறும். அந்த இடத்தைக் கம்பனி அந்தப் பாரத்துக்காகச் செய்யவில்லை. வெறும் தகட்டில் பிரெக்கட் ஒன்றை வெல்ட் செய்து விட்டால் சில காலத்தில் வெடிப்பு விடும்.

பின்பக்கம் வேறு கதை. அங்கே இருக்கும் பிளேட் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குவதோடு, எக்ஸலை முன்னும் பின்னும் நகராமல் பிடித்தும் வைத்திருக்கிறது. அதை முழுவதுமாகக் கழற்றினால் எக்ஸலைப் பிடிக்கத் தனியாகக் கம்பிகள் பூட்ட வேண்டும். ஆனால் பிளேட் ஸ்பிரிங்கை அப்படியே விட்டு, துணைக்குச் சிறிய பைகள் இரண்டை வைக்கலாம். நான்கு பேரும் சாமானும் ஏறும்போது பின்பக்கம் தாழ்வதை அவை தடுக்கும்.

கொம்பிரசருக்கும் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கார் கம்பனியிலிருந்து வரும்போது பெட்டரியின் பொசிட்டிவ் பக்கமே பொடியில் பூட்டப்பட்டிருக்கும். இப்போது விற்கும் கொம்பிரசர்களும் அவற்றின் வயரிங்கும் நெகட்டிவ் பொடிக்கு உரியவை. பிந்திய மொடல்களின் டைனமோ கூட 22 அம்பியர்தான் தரும். கொம்பிரசர் ஒன்றே 20 அம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே வயரிங் மாற்றம், ஒல்டனேட்டர் என்று செலவு நீண்டு கொண்டே போகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

காற்றுப் பை தாங்கும் பாரம் என்பது அதன் பரப்பை அமுக்கத்தால் பெருக்கி வருவது. 16 சதுர அங்குலப் பரப்புள்ள பைக்கு 25 பி.எஸ்.ஐ. காற்று அடித்தால் 400 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 180 கிலோ தாங்கும். மொரிஸ் மைனரின் மொத்த எடையே முக்கால் தொன் அளவுதான். பிளேட் ஸ்பிரிங்கும் கூடவே தாங்கும்போது இவ்வளவு அமுக்கம் கூடத் தேவைப்படாது. டயருக்கு அடிக்கும் காற்றே போதுமானது.

எனவே நான் அவருக்கு விற்றது பின்பக்கத்துக்கு இரண்டு பைகளும், டயர் வால்வு போன்ற இரண்டு வால்வுகளும், குழாயும்தான். டயர் கடையில் காற்று அடித்துக் கொள்ளலாம். கொம்பிரசரும் வேண்டாம், வயரிங்கில் கைவைக்கவும் வேண்டாம். முன்பக்கத்தை டோர்ஷன் பாரை வேறு பல்லில் மாற்றிப் பூட்டியே சற்றுத் தாழ்த்திக் கொடுத்தார்கள். அவருக்கு முதலில் மனம் நிறையவில்லை. "பட்டனை அழுத்தினால் இறங்காதே, நானா" என்றார். உண்மைதான், இறங்காது. ஆனால் அந்தக் காரில் அவரது உம்மாவும் போகிறார் என்பதை அவரே சொல்லியிருந்தார்.

பொருத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, வேலை தொடங்கும் முன் பிளேட் ஸ்பிரிங் தொங்கும் இடங்களைத் துருவுக்காகச் சுரண்டிப் பாருங்கள். துருப்பிடித்த தகட்டில் எந்தப் பையும் நில்லாது. இரண்டாவதாக, இடது வலது பைகளை ஒரே குழாயில் இணைக்காதீர்கள். வளைவில் திரும்பும்போது பாரம் கூடிய பக்கத்துக் காற்று மற்றப் பக்கம் ஓடிவிடும், கார் சாயும். மூன்றாவதாக, குழாயைக் கத்தியால் சரிவாக வெட்டாமல் அதற்குரிய கட்டரால் நேராக வெட்ட வேண்டும். பூட்டிய பின் சவர்க்கார நீர் பூசிக் குமிழி பாருங்கள். மாலையில் மட்கார்ட்டின் உயரத்தை அளந்து குறித்து வைத்து, காலையில் மீண்டும் அளப்பது நல்ல சோதனை. நான்காவதாக, காற்று முழுவதும் போனாலும் கார் ரப்பர் தாங்கிகளின் மேல் நின்று மெதுவாக வீடு வந்து சேர வேண்டும். டயரோ பிரேக் குழாயோ எதிலும் உரசக் கூடாது. கொம்பிரசரும் தாங்கியும் வைப்பவர்கள் தாங்கியில் சேரும் நீரை ஒழுங்காக வெளியேற்ற வேண்டும். நமது ஈரக் காலநிலையில் இது மிக அவசியம். பை வந்துவிட்டது என்பதற்காக ஷொக் எப்சோபரைக் கழற்றவும் கூடாது. காற்று பாரத்தைத் தாங்குமே தவிர ஆட்டத்தை நிறுத்தாது.

வியாபாரிக்கு ஒரு வார்த்தை

செசியை வெட்டும் வேலை என்றால், காப்புறுதிக் கம்பனியிடமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் முன்கூட்டியே விசாரித்து எழுத்தில் பெற்றுக் கொள்ளும்படி வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாமல் பெயர் எழுதிக் கட்டி அவரிடமே ஒப்படையுங்கள். பழைய காரின் விலை அதன் அசல் நிலையில்தான் தங்கியிருக்கிறது. திரும்பவும் பழையபடி ஆக்கக் கூடிய வேலைக்கும், ஆக்க முடியாத வேலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பில் எழுதும் முன்னரே விளக்கிச் சொல்ல வேண்டியது நமது கடமை.

முழு செட்டை விற்றால் ஒரு நாள் இலாபம் பெரிதாக இருக்கும். தேவையானதை மட்டும் விற்றால் அந்த மனிதர் அடுத்த பிரேக் லைனருக்கும் நம் கடைப் படியைத்தான் மிதிப்பார். உதிரிப்பாகக் கடையை நடத்துவது அந்த இரண்டாவது வரவுதான்.