பறக்கும் வீரர்களும் நம் பேரப்பிள்ளைகளும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மும்பையில் நம்மவர் வீடுகளில் ஒரே வழக்குதான். ஸ்பைடர்மேன், சூப்பர்மேன் படத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லிப் பிள்ளைகள் அடம் பிடிக்கிறார்கள். "ஒரே அடிதடி, வேண்டவே வேண்டாம்" என்கிறார் பாட்டி. "எல்லாப் பிள்ளைகளும்தானே பார்க்கிறார்கள்?" என்கிறார் மகன். இரண்டுமே முழுப் பதில் ஆகாது. எந்தப் படம், எந்த வயதுக்கு, யார் கூட இருந்து பார்ப்பது என்று பிரித்துப் பார்க்கவேண்டிய விஷயம் இது.

முதலில் தணிக்கைச் சான்றிதழ். படம் தொடங்குமுன் திரையில் வருகிற அந்தத் தாளை நம்மில் பலர் படிப்பதே இல்லை. 2023-இல் சட்டத்தைத் திருத்தி, பழைய 'யு/ஏ' பிரிவை 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாக ஆக்கினார்கள். 'ஏ' என்றால் 18 வயது நிரம்பாதவர்களுக்கு அரங்கில் அனுமதி கிடையாது. ஆனால் 13 வயது என்று போட்டிருப்பது பெற்றோருக்குச் சொல்லும் யோசனை மட்டுமே. எட்டு வயதுப் பிள்ளையோடு போனால் அது சட்டப்படி தடை இல்லை. முடிவு நம் கையில்தான். உடையைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. 2016-இல் வந்த 'டெட்பூல்' நாயகனின் சிவப்பு உடை ஏறக்குறைய ஸ்பைடர்மேன் உடை மாதிரியே இருக்கும். அந்தப் படத்துக்கு இங்கே கிடைத்தது 'ஏ'.

சான்றிதழை மட்டும் நம்பினால் போதுமா? 2025-இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் தணிக்கைக் குழு முத்தக் காட்சியைக் குறைத்தது பெரிய செய்தி ஆனது. அதே படத்தின் கதையில், சூப்பர்மேனுக்கு உதவிய தெருவோர உணவு வியாபாரியை வில்லன் அவர் கண்ணெதிரிலேயே சுட்டுக் கொல்கிறான். ஒரு சிறு குழந்தையை இரவில் தூங்கவிடாமல் செய்வது இதில் எது என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த விஷயத்தில் ஒரு பழைய ஆராய்ச்சி நமக்கு உதவும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் பேராசிரியர், 1961-இல், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டினார். பிறகு தனியே விட்டபோது அவர்களும் அதே மாதிரி அடித்தார்கள். 1965-இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் படத்தில் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அதைப் பின்பற்றினார்கள். ஆனால் 'செய்து காட்டினால் பரிசு' என்றதும் அவர்களும் அப்படியே செய்து காட்டினார்கள். அதாவது, பார்த்ததை எல்லோருமே கற்றுக்கொண்டுவிட்டார்கள்!

இப்போது இந்தப் படங்களைப் பாருங்கள். இங்கே அடிப்பவன் வில்லன் மட்டுமல்ல, நல்லவனும்தான். அடித்ததற்கு அவனுக்குக் கிடைப்பது தண்டனை இல்லை, கைதட்டல். ஆகவே எத்தனை சண்டை இருக்கிறது என்று எண்ணுவதைவிட, அடி விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்பது என் கருத்து.

இந்த அளவுகோலில் தேறும் படங்களும் உண்டு. ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் 2004-இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2' எனக்குப் பிடித்தது. கட்டுப்பாட்டை இழந்து ஓடும் ரயிலை நாயகன் இருபக்கக் கட்டடங்களிலும் வலை வீசி, உயிரைக் கொடுத்து இழுத்து நிறுத்துகிறான். நிறுத்தியதும் மயங்கி விழுகிறான். முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்த பயணிகள், 'இவன் சின்னப் பையன் அல்லவா!' என்று திகைத்து, கைமேல் கையாகத் தாங்கி உள்ளே கொண்டுபோகிறார்கள். பலத்துக்கும் ஒரு விலை உண்டு, காப்பாற்றியவனையும் காப்பாற்ற வேண்டும் என்று அந்தக் காட்சி சொல்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில்தான் பெரியவர்கள் பேசவேண்டும். நம் மின்சார ரயிலில் மோட்டார்மேன் கைப்பிடியை விட்டுவிட்டால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். பிரேக் குழாய் உடைந்து காற்று வெளியேறினாலும் வண்டி நின்றுவிடும். தினமும் லட்சக்கணக்கானவர்களைக் காப்பது வலை வீசும் வீரன் அல்ல, இந்த ஏற்பாடுகள்தான் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள்.

ஐந்து வயதுக் குழந்தைக்கோ திரையில் பறப்பதும் நிஜம்தான். 1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'சக்திமான்' இன்றைய பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் அதைப் போலச் செய்ய முயன்று காயப்படுவதாகப் புகார் எழுந்தது. நாயகனாக நடித்த முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, இப்படிச் செய்யாதீர்கள் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. அடுக்குமாடி பால்கனியும் லோக்கல் ரயிலின் படிக்கட்டும் நிறைந்த ஊரில் வாழும் நமக்கு இது சாதாரண விஷயம் அல்ல. துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து குதிக்கும் பருவம் தாண்டும்வரை இந்தப் படங்கள் காத்திருக்கலாம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பிள்ளைகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பார்க்கிறார்கள். அப்பா அம்மா வேலைக்குப் போனபின் வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு வசனம் புரிவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் பேரன் என்ன பார்க்கிறான் என்று தெரிவதில்லை. இப்படங்கள் பல தமிழிலும் கிடைக்கின்றன. வீட்டில் போடும்போது தமிழில் போடச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் நாலு தமிழ் வார்த்தை காதில் விழும், பெரியவர்களுக்கும் கதை புரியும்.

முடிந்தால் பெரியவர் ஒருவர் முன்னதாகவே படத்தைப் பார்த்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் கூடவே உட்காருங்கள். படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தச் சண்டையில் இடிந்ததே ஒரு வீடு, அதில் இருந்தவர்கள் இன்று ராத்திரி எங்கே படுப்பார்கள்?" அதற்குப் பிள்ளை யோசித்துப் பதில் சொன்னால், அந்தப் படத்தைப் பார்க்கும் வயது அவனுக்கு வந்துவிட்டது என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.