மிட்வைஃப் வேலைக்கு ஃபாரின்... பணம் கட்டும் முன்னால் ஒரு நிமிடம்!

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்தான். 'அம்மா ஆபீசுக்குப் போயிருக்கா' என்று பிள்ளை சொன்னால், திரி கட்டவோ பெட்டி ஒட்டவோ போயிருக்கிறாள் என்று அர்த்தம். அந்த அம்மாக்களில் பலருக்கு ஒரே வைராக்கியம்: 'எம் மக இந்த மருந்து நாத்தத்துக்குள்ள வரக்கூடாது.' 2018-ல் பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கு சுப்ரீம் கோர்ட் தடை போட்ட பிறகு வேலை நாளும் உறுதியில்லை. அதனால்தான் போனஸ் பணம், சீட்டுப் பணம், காதில் கழுத்தில் கிடந்தது எல்லாம் சேர்ந்து மகளின் நர்சிங் ஃபீஸாக மாறுகிறது.

படித்து முடித்ததும் அடுத்த ஆசை ஃபாரின். அப்போது வருவார் ஒரு ஏஜென்ட். 'நர்ஸுக்குப் போட்டி ஜாஸ்திக்கா... மிட்வைஃபா அனுப்பி விடுறேன். உங்க பொண்ணு சர்டிபிகேட்லயே மிட்வைஃப்னு போட்டிருக்கே!' என்பார்.

போட்டிருப்பது உண்மைதான். நம் ஊரில் மூன்று வருட டிப்ளமோவின் பெயரே 'ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி'. தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்யும்போது டிப்ளமோ முடித்தவருக்கும், நான்கு வருட பி.எஸ்ஸி. முடித்தவருக்கும் நர்ஸ், மிட்வைஃப் என்று இரண்டு பட்டமும் சேர்ந்தே கிடைக்கிறது. நம் ஊரில் ஒரே படிப்பு, ஒரே ஆள், ஒரே வேலை.

அங்கே அப்படி இல்லை. பிரிட்டனில் நர்ஸ் வேறு, மிட்வைஃப் வேறு. கவுன்சில் ஒன்றுதான் என்றாலும் பதிவேட்டில் தனித்தனிப் பகுதி, தனித்தனிப் பரீட்சை. நர்ஸ் பரீட்சையில் பாஸான பெண் அதைக் காட்டி பிரசவம் பார்க்க முடியாது. மிட்வைஃப் என்ற பெயரை, பதிவு இல்லாதவர் போட்டுக்கொள்வதே அங்கே சட்டப்படி குற்றம்! அயர்லாந்திலும் இப்படித் தனிப் பதிவுதான்.

ஏன் இந்தக் கெடுபிடி? வேலையைப் பார்த்தால் புரியும். நம் ஊர் பிரசவ வார்டில் நர்ஸ் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் 'டாக்டரைக் கூப்பிடு' என்ற ஒரு வழி எப்போதும் உண்டு. பிரிட்டனில் சிக்கலில்லாத கர்ப்பம் என்றால், முதல் செக்கப்பிலிருந்து பிரசவம், அதற்குப் பின் வீட்டுக்கே போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பது வரை பொறுப்பு மிட்வைஃப் கையில்தான். கிழிசலுக்குத் தையல் போடுவதும் அவரே. டாக்டர் தலைகாட்டாமலே முடிந்துவிடும் பிரசவங்கள் ஏராளம். எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்வதும் மிட்வைஃப்தான்; அந்த முடிவு பிசகினால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான். அங்கே மிட்வைஃப் படிக்கும் மாணவி, படிப்புக்குள் தன் கையாலேயே சுமார் 40 பிரசவம் பார்த்திருக்க வேண்டும். உங்கள் மகள் பார்த்தது எத்தனை, எட்டி நின்று வேடிக்கை பார்த்தது எத்தனை என்று கேஸ் புக்கைப் பிரித்துப் பாருங்கள். மனசுக்கு ஒரு தெளிவு வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலியில் கத்துகிற பெண்ணை 'சும்மா கெட' என்று அதட்டுவது நம் வார்டுகளில் சிலருக்குப் பழகிப்போன ஒன்று. அங்கே இது செல்லாது. உள்பரிசோதனை செய்யும் முன் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். உட்கார்ந்தோ, மண்டி போட்டோ, தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ பெற்றுக்கொள்கிறேன் என்று அவள் சொன்னால் அதற்கும் மிட்வைஃப் தயாராக இருக்க வேண்டும். (நம் பெண்களுக்கும் இந்த மரியாதை கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!)

பரீட்சை எப்படி?

பிரிட்டன் என்றால் முதலில் ஆங்கிலம். ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். ஓ.இ.டி. என்ற தேர்வும் உண்டு. அதில் மூன்று பகுதியில் 'பி' கிரேடு, எழுத்தில் 'சி பிளஸ்'. ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட கேள்விகளாகவே வருவதால் நர்சுகளுக்கு ஓ.இ.டி. கொஞ்சம் பழகின களம். அடுத்து மிட்வைஃபுக்கான கம்ப்யூட்டர் தேர்வு. இதை இந்தியாவிலேயே எழுதலாம். கடைசியாகச் செய்முறைத் தேர்வு, பத்து கட்டங்கள். அதற்கு பிரிட்டனுக்கே போயாக வேண்டும்.

வளைகுடா நாடுகளில் முறை வேறு. சர்டிபிகேட், அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் கொடுத்த இடத்திலேயே நேரடியாக விசாரித்துச் சரிபார்ப்பார்கள். 'டேட்டாஃப்ளோ' என்பது இதுதான். பார்க்காத வேலைக்கு வாங்கிய அனுபவக் கடிதம் இங்கேதான் மாட்டும். அதன் பிறகு அந்தந்த நாட்டு லைசென்ஸ் தேர்வு.

இரண்டு வருட ஏ.என்.எம். படிப்பு கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு அருமையான படிப்பு. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் மிட்வைஃப் பதிவு வாங்குவது மிகக் கடினம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடியில் நடக்கும் ஆறு மாத, ஒரு வருட 'நர்சிங்' கோர்ஸ் என்றால் நம் கவுன்சிலிலேயே பதிவு செய்ய முடியாது. பிறகு எங்கே ஃபாரின்? சேர்க்கும் முன்பே கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பிரசவக் கலையை நிஜமாகவே ஆழமாகக் கற்க நம் நாட்டிலும் வழி பிறந்திருக்கிறது. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட மிட்வைஃபரி வழிகாட்டுதலின்படி, நர்சிங் முடித்தவர்களுக்கு 18 மாதத் தனிப் பயிற்சி உண்டு. ஹைதராபாத் பெர்னாண்டஸ் மருத்துவமனை இந்தப் பயிற்சியில் முன்னோடி. இந்த அனுபவத்தோடு போகிற பெண் செய்முறைத் தேர்வில் திணறமாட்டாள் என்பது என் எண்ணம்.

பணம் எவ்வளவு கேட்கலாம்?

வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 2015-ல் கேரளாவில் சி.பி.ஐ. ஒரு வழக்குப் போட்டது. 19,500 ரூபாய் வாங்க வேண்டிய ஏஜென்சி, குவைத் போன நர்சுகளிடம் தலைக்கு 19.5 லட்சம் கறந்தது என்பது குற்றச்சாட்டு! அதே ஆண்டு முதல், சவுதி, குவைத் உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போகிறவர்கள் எந்த வகை பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும். பிரிட்டன் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுப்பவர்களோ, வேலைக்கு வரும் பெண்ணிடம் காசு கேட்கவே கூடாது என்பது அந்நாட்டு விதி.

'முதல்ல விசிட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாம்' என்பது பழைய தூண்டில். விசாவில் என்ன தொழில் எழுதியிருக்கிறது என்று அரபி தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். குவைத்தில் 20-ம் எண் விசா என்றால் அது வீட்டு வேலைக்கான விசா. ஆஸ்பத்திரி வாசலைக்கூட அந்தப் பெண் பார்க்கப் போவதில்லை.

ஏஜென்சி பதிவு பெற்றதா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். படிக்கிற பிள்ளைகள் யாரையாவது கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்திவருகிறது, நர்சுகளையும் அனுப்புகிறது. அங்கே பெயரைப் பதிந்துவிட்டு, மகளை உள்ளூர் பிரசவ வார்டில் இரண்டு வருடம் வேலை பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த ஒவ்வொரு பிரசவத்தையும் தேதியோடு நோட்டில் எழுதி, சீனியர் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வைக்கட்டும். அசல் சர்டிபிகேட்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வரக்கூடாது, நகல் போதும்.