குயின் மேரீஸ் வாசலில் நின்றவன்

பி.காம். படித்த நாட்களில் மெரினா பக்கம் எனக்கு அத்துப்படியான இடம் ஒன்றே ஒன்றுதான்: குயின் மேரீஸ் பஸ் ஸ்டாப். கேட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்ததே இல்லை. வாட்ச்மேன் யோசிக்க விட்டால்தானே!

எனக்கு முன்பே அங்கே படித்து முடித்த அக்காதான் ஒருநாள் தலையில் குட்டினாள்.

"வாசல்ல நின்னு வழியறீங்களே... இந்த இடம் முதல்ல என்னவா இருந்துச்சு, தெரியுமா?"

"காலேஜாத்தான்."

"ஹோட்டல்டா, மக்கு!"

நிஜம்தான் சார். கர்னல் கேப்பர் என்ற ராணுவ அதிகாரியின் பெயரால் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு. கேப்பர் ஹவுஸ். பிற்பாடு அது ஹோட்டல். 1914 ஜூலையில் அதே கட்டடத்தில்தான் சென்னை நகரத்தின் முதல் பெண்கள் கல்லூரி ஆரம்பமானது. நாற்பது மாணவிகள்கூட இல்லை. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் மனைவி பெயர் ஒட்டிக்கொண்டது 1917-ல்தான்.

அதற்கு முன்னால்? பாளையங்கோட்டையில் சாரா டக்கர் கல்லூரி இருந்தது. சென்னையில் பி.ஏ. படிக்க ஆசைப்பட்டால், பையன்கள் நிறைந்த வகுப்பில் போய் உட்கார வேண்டும். பால்ய விதவையான சகோதரி சுப்புலட்சுமி அப்படித்தான் பிரசிடென்சி கல்லூரியில் படித்து 1911-ல் பட்டம் வாங்கினார். எத்தனை வீட்டில் அந்தத் துணிச்சல் இருந்திருக்கும்?

முதல் பிரின்சிபால் டோரதி டி லா ஹே, இங்கிலாந்துக்காரர். 1936 வரை, 22 வருஷம் அதே நாற்காலி! (எங்கள் ஆபீஸில் ஒரு மேனேஜர் இரண்டு வருஷம் தாண்டினாலே ஸ்வீட் கொடுக்கிறோம்.) அவர் காலத்தில் பென்ட்லண்ட் ஹவுஸ், ஸ்டோன் ஹவுஸ், ஜெய்ப்பூர் ஹவுஸ் என்று கட்டடங்கள் வரிசையாக எழும்பின. ஹாஸ்டல் இருந்தால்தானே வெளியூர் அப்பாக்கள் பெண்ணை ரயிலேற்றுவார்கள்?

தலச்சேரியிலிருந்து வந்து இங்கே படித்தவர்களில் ஒருவர் ஜானகி அம்மாள். பிற்பாடு தாவரவியல் விஞ்ஞானியாகி, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை அலசினார். 1977-ல் பத்மஸ்ரீ. காபியில் அடுத்த ஸ்பூன் சர்க்கரை போடும்போது அவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி 2003. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக் கட்டடங்களை இடித்துவிட்டு அங்கே புதிய தலைமைச் செயலகம் கட்டப் போவதாக ஜெயலலிதா அரசு அறிவித்தது. மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே போலீஸ்.

அக்கா ராத்திரி வீடு திரும்பவில்லை. அம்மா அழ, அப்பா "படிக்க அனுப்பினா கோஷம் போடறாளா?" என்று கத்திவிட்டு, காலையில் சத்தமில்லாமல் இட்லி பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பினார். கேட் வழியாக அதை நீட்டியபோது, "எல்லாருக்கும் வாங்கிட்டு வந்திருக்கலாமில்லப்பா" என்றாளாம் அக்கா. மறுநாள் அப்பா கையில் இருந்தது பொட்டலம் இல்லை, அண்டா!

எதிர்ப்பு வலுத்தது, கோர்ட்டுக்கும் போனது. கடைசியில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. தலைமைச் செயலகம் இன்றும் கோட்டையில்தான்.

கல்லூரி தப்பித்தது. கேப்பர் ஹவுஸ்தான் தப்பிக்கவில்லை. பராமரிப்பில்லாமல் சிதிலமாகி, இடிக்கப்பட்டு, இன்று அந்த இடத்தில் புதுக் கட்டடம் நிற்கிறது. செயலகத்துக்காக இடிக்கக் கூடாது என்று ஊரே நின்றது. ஓட்டுக் கூரையில் ஒழுகிய தண்ணீருக்கு எதிராக யார் கோஷம் போடுவது?

போன மாதம் அக்காவோடு அந்த வழியாகப் போனேன். ஆட்டோவை நிறுத்தி இறங்கினாள்.

"அதோ, அந்த மரத்தடியிலதான்டா ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தோம்."

"எந்த மரம்?"

"வா, காட்டறேன்."

வாட்ச்மேனிடம் 'பழைய ஸ்டூடன்ட்' என்றாள். அவர் அக்காவுக்கு வழிவிட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க அந்த பஸ் ஸ்டாப்லயே நில்லுங்க சார்!"