பாட்டு ஓடியும் விளக்கு அசையாதது ஏன்?

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் வாசகர் ஒருவரின் கடிதம். அவர் தெரு துர்கா பூஜைப் பந்தலில் ஒலி-ஒளிக் காட்சி. பாட்டு ஓடியது, விளக்குகள் அசையவே இல்லை. "லேப்டாப்பில் டைம்கோடுக்கான மீட்டர் நன்றாகத் துள்ளியது, பிறகென்ன கோளாறு?" என்று கேட்கிறார். கேபிளைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

இதே கொல்கத்தாவில், 1959-ல் மினர்வா தியேட்டரில் 'அங்கார்' நாடகத்துக்காக, சுரங்கத்தில் வெள்ளம் புகுவதை விளக்கொளியாலேயே காட்டினார் ஒளியமைப்பாளர் தாபஸ் சென். அன்று வசனத்தைக் கேட்டுக் கையால் விளக்கை ஏற்றி இறக்கினார்கள். இன்று அந்தக் காதின் வேலை டைம்கோடுடையது. பாட்டோடு சேர்ந்து, தனித் தடத்தில் நேரமும் ஒலியாக ஓடுகிறது. ஒரு ஃபிரேமுக்கு 80 பிட். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 2000 பிட். காதுக்கு அது வெறும் கரகரப்பு. லைட்டிங் கன்சோலுக்கு அதுதான் கடிகாரம்.

எனக்குப் பிடித்தது இதுதான்: செய்தி இருப்பது சத்தத்தின் அளவில் இல்லை, அலை மேலும் கீழுமாகத் திரும்பும் கணங்களில். ஆகவே பிளஸ், மைனஸ் கம்பிகள் இடம் மாறினாலும் கன்சோல் படித்துவிடும். டேப்பைப் பின்னோக்கி ஓட்டினாலும் படிக்கும். ஆனால் லெவல் ரொம்பக் குறைந்தால் அந்தத் திருப்பங்கள் 50 ஹெர்ட்ஸ் ஹம்மில் மூழ்கிவிடும். அளவு மீறினால் கரகரப்பு பாட்டுக்குள் கசியும்.

வாசகரின் படத்தில் இருப்பது ஸ்டீரியோ ஜாக்கிலிருந்து ஒற்றை எக்ஸ்எல்ஆருக்குப் போகும் கேபிள். இடது சேனல் இரண்டாவது பின்னில், வலது மூன்றாவதில். கன்சோலின் பேலன்ஸ்டு இன்புட் இவ்விரண்டின் வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். என் அப்பாவின் மளிகைக் கடைத் தராசும் அப்படித்தான்: இரு தட்டிலும் ஐந்தைந்து கிலோ வைத்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். டைம்கோடை இரு சேனலிலும் ஒன்றுபோல அனுப்பினால் வித்தியாசம் பூஜ்யம். வால்யூமை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. வலது சேனலை மியூட் செய்தால் போதும், டைம்கோடு வந்துவிடும்.

பூஜைக் கமிட்டிக்காரர்கள் லட்சக்கணக்கில் செலவழித்து விளக்கு வாங்குகிறார்கள். சரியான கேபிளுக்கும் ஒரு மணி நேரச் சோதனைக்கும் மனம் வருவதில்லை. ரிப்பன் வெட்டும்வரை டெக்னீஷியனை மேடையருகே விடாத கமிட்டிகளும் உண்டு. இது அவருக்குச் செய்யும் அநியாயம்.

டைம்கோடை எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தடத்தில் ஈக்வலைசர், கம்ப்ரஸர், நாய்ஸ் கேட் எதுவும் வேண்டாம். கன்சோல் திரையில் ஃபிரேம் எண்கள் ஓடத் தொடங்கும்வரை லெவலை மெல்ல ஏற்றுங்கள். அதற்குமேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி, பாட்டில் கரகரப்பு கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, முழு நிகழ்ச்சியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எண்கள் எங்கேயாவது நின்றால், முதலில் மாற்ற வேண்டியது கேபிளை.