விடியற்காலைச் சர்க்கரையும் உணர்விழந்த பாதமும்

இரவில் இரண்டு சப்பாத்தியும் சிறிது கூட்டும் உண்டு படுத்தவருக்குக் காலையில் விரல் நுனியைக் குத்திப் பார்த்தால் கருவி 170 என்று காட்டுகிறது. படுக்கும்போது இருந்ததோ 130. இடையில் ஒரு வாய்ப் பாலும் அருந்தவில்லை. வீட்டிலுள்ளோர், "ஒளித்து வைத்து எதையோ தின்றிருக்கிறார்" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். நம்மவர் இல்லங்களில் நீரிழிவு நோயாளிகள்மீது சுமத்தப்படும் பழிகளில் இதைவிட அநியாயமானது வேறொன்று இல்லை.

அந்தச் சர்க்கரை வாய் வழியே வந்ததன்று; உடலுக்குள்ளிருந்தே வந்தது. நாம் உறங்கும்போதும் மூளைக்கு உணவு வேண்டும். ஆகவே கல்லீரல் இரவு முழுவதும் குளூக்கோஸை இரத்தத்தில் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டிருக்கிறது. பின்னிரவில், விழித்தெழுவதற்கு உடலை ஆயத்தம் செய்யும் கார்ட்டிசால் முதலிய ஹார்மோன்கள் பெருகிக் கல்லீரலை முடுக்குகின்றன. இன்சுலினின் வலிமையையும் மட்டுப்படுத்துகின்றன. நோயற்றவரின் கணையம் சற்றுக் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து இதைச் சரிக்கட்டிவிடும். இரண்டாம் வகை நீரிழிவில் அந்தத் திறன் குன்றியிருப்பதால், விடியும்போது சர்க்கரை ஏறி நிற்கிறது.

இரவில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, அதன் எதிர்விளைவாகக் காலையில் ஏறுவதும் உண்டு என்று மைக்கேல் சோமோஜி என்பவர் 1930-களில் கூறினார். இதை இன்று பலர் ஏற்பதில்லை. எனினும் இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கும் சில வகை மாத்திரைகள் உண்பவருக்கும் இரவில் சர்க்கரை தாழ்வது உண்மையான அபாயமே. காரணம் அறிய எளிய வழி ஒன்று உண்டு. படுக்கும் முன்னும், பின்னிரவு மூன்று மணிக்கும், எழுந்தவுடனும் சர்க்கரையைப் பார்த்து இரண்டு மூன்று நாள் குறித்து வையுங்கள். மூன்று மணிக்கு 70-க்குக் கீழே இருந்தால் உடனே சிறிது சர்க்கரையோ குளூக்கோஸோ உட்கொண்டு, மறுநாளே டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அப்போது சரியாயிருந்து காலையில் ஏறியிருந்தால் அது கல்லீரலின் வேலை. படுக்கும்போதே ஏறியிருந்ததானால் இராச் சாப்பாட்டைத்தான் விசாரிக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து இருட்டியபின் வீடு திரும்பி, பத்து மணிக்குச் சோறுண்டு, அப்படியே படுக்கும் தலைநகர் வாழ்க்கையில் இது சர்வ சாதாரணம்.

அந்தக் குறிப்பைக் கண்டு மருந்தின் அளவையோ வேளையையோ மாற்றுவது டாக்டரின் பொறுப்பு. இரவுப் பட்டினி கல்லீரலைத் தடுக்காது. தாமாகவே மாத்திரையை இரட்டிப்பது ஆபத்து. முன்னேரத்தில் உண்பதும் உண்டபின் கால் மணி நேரம் நடப்பதும் பலருக்கு நன்மை தரும். வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை என்பது பொதுவான இலக்கு. முதியவர்க்கு அது சற்றுத் தளரலாம்.

இனி, கால்கள். பல ஆண்டுகள் சர்க்கரை மிகுந்திருந்தால் உடலின் மிக நீண்ட நரம்புகளே முதலில் கெடுகின்றன. அதனால்தான் கால்விரலில் தொடங்குகிறது. எரிச்சல், ஊசி குத்தல், இரவில் போர்வை பட்டாலும் பொறுக்காத வேதனை. இதற்கு டுலாக்சிடின், பிரிகாபலின் போன்ற மருந்துகள் உண்டு. அவை வலியைத் தணிக்குமேயன்றி நரம்பைச் செப்பனிடா. மெட்பார்மின் நெடுநாள் உண்பவருக்கு, முக்கியமாகச் சைவ உணவினருக்கு, பி-12 வைட்டமின் குறைந்து அதனாலும் இத்தகைய எரிச்சல் வரலாம். இதை இரத்தப் பரிசோதனையில் கண்டு திருத்திவிடலாம், கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

சிலருக்கு எரிச்சல் ஒருநாள் தானாகவே நின்றுவிடும். வீட்டில் மகிழ்ச்சி! ஆனால் அது குணமாக இல்லாமல், வலியைச் சொல்லும் நரம்பு மரத்துப்போனதாகவும் இருக்கலாம். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமையால் நேரும் காயங்களாலேயே அழிகின்றன என்று காட்டினார். அந்தப் பாடமே பின்னர் நீரிழிவுப் பாதங்களுக்கும் பயன்பட்டது. மரத்த காலுக்கு இன்று பரிந்துரைக்கப்படும் மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர்ச் செருப்பும் முதலில் தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்கப் பயன்பட்டதே.

டில்லிக் குளிரில் ஹீட்டருக்கு அருகே கால் நீட்டி உட்காருவதும், வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைத்து உறங்குவதும் இவர்களுக்குக் கூடா. வெந்நீரின் சூட்டைக் காலால் அன்று, முழங்கையால் பார்க்க வேண்டும். முழங்கையும் மரத்தவருக்கு வீட்டார் பார்த்துச் சொல்லட்டும். மே மாத நண்பகலில் மலை மந்திரின் கல் தளத்தில் வெறுங்காலோடு வலம் வருவது கொப்புளத்திற்கு அழைப்பு. மாலையில் செல்லலாம், பருத்திக் காலுறையும் அணியலாம். ஒவ்வோர் இரவும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண் மங்கியவருக்கு மனைவியோ மருமகளோ பார்க்கட்டும். ஆணிக்காலை பிளேடால் சீவ வேண்டாம். ஆண்டுக்கொரு முறை 10 கிராம் நைலான் இழையாலும் அதிரும் இசைக்கவையாலும் பாதத்தின் உணர்வைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சில நிமிட வேலைதான்.

நம்மவரிடம் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. "லீவுக்கு ஊருக்குப் போகும்போது நம் டாக்டரிடமே காட்டிக்கொள்ளலாம்" என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடுவது. கண்ணாடி மாற்றுவதற்கு அது பொருந்தும். காலில் சிவப்பு, வீக்கம், நீர் கசியும் புண் எதைக் கண்டாலும், வலியே இல்லையென்றாலும், அன்றே இங்குள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மொழி தடையாயிருந்தால் இந்தி அறிந்த பிள்ளைகளில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.